ஒரு நிரை எதைக் குறிக்கிறது? தரவுப் பகுப்பாய்வுக்கான இடைநிலை வினவல்கள்

எஸ்.கியூ.எல். என்பது தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டுப் பெறுவதற்கான வினவல் மொழி. தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றுக்கு இடையிலான தொடர்புகளின் வழியாகக் கையாளும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் கொட் 1970இல் முன்வைத்தார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974இல் அம்முறைக்கேற்ற மொழியை வெளியிட்டார்கள். 1986இல் அமெரிக்கத் தரநிலையாகவும் 1987இல் சர்வதேசத் தரநிலையாகவும் ஏற்கப்பட்ட அம்மொழி இன்றும் தரவுப் பகுப்பாய்வின் அன்றாடக் கருவியாக இருக்கிறது. கொழும்பின் வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், ஆடை ஏற்றுமதியாளர்கள், பல்பொருள் அங்காடிகள், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் பதிவுகளை இத்தகைய அட்டவணைகளில்தான் வைத்திருக்கின்றன. அவற்றில் பகுப்பாய்வாளராகச் சேர விரும்பும் ஒருவரிடம் முதலில் எதிர்பார்க்கப்படும் திறன்களில் இதுவும் ஒன்று.

இதன் அடிப்படைகள் இலங்கை மாணவருக்குப் புதியவை அல்ல. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திட்டத்தில் தரவுத்தளம், முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, மூன்றாம் நிலை வரையான இயல்பாக்கம், எளிய வினவல்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. வெள்ளவத்தை ராமகிருஷ்ண வீதியில் உள்ள, 1990இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி. எனப்படும் இன்ஃபோமட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னொலொஜி, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் முதலாண்டுகளிலேயே இவற்றைக் கடந்துவிடுகிறார்கள். ஒரே அட்டவணையிலிருந்து சில நிரல்களைத் தெரிவுசெய்வது, நிபந்தனை வைத்து வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, கூட்டுத்தொகை காண்பது என்பவற்றோடு அடிப்படை நிலை முடிகிறது.

இடைநிலை அதற்கு அப்பால் தொடங்குகிறது. பல அட்டவணைகளை இணைப்பதும், தொகுத்தவற்றை மறுபடி தொகுப்பதும், ஒரு நிரையை அதன் அயல் நிரைகளோடு ஒப்பிடுவதும், நீண்ட கேள்வியைச் சிறு படிகளாகப் பிரிப்பதும் இந்நிலைக்கு உரியவை. இவை அனைத்துக்கும் பொதுவாக ஒரு பழக்கம் தேவைப்படுகிறது. கணக்கின் ஒவ்வொரு படியிலும் "இந்த அட்டவணையில் ஒரு நிரை எதைக் குறிக்கிறது?" என்ற கேள்விக்குத் தெளிவான விடை கையில் இருக்க வேண்டும். இடைநிலைத் தவறுகளில் பெரும்பாலானவை அந்த விடை தெரியாதபோதே நேர்கின்றன.

இணைப்பதற்கு முன்

இரண்டு அட்டவணைகளை இணைக்க ஜொயின் கட்டளை பயன்படுகிறது. இன்னர் ஜொயின் இரு பக்கமும் பொருந்தும் நிரைகளை மட்டும் தரும். லெஃப்ட் ஜொயின் இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தில் பொருத்தம் இல்லாத இடங்களை வெறுமையாக விடும். இந்த இரண்டு வரைவிலக்கணங்களும் எளிமையானவை. எதை வைத்து இணைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இலங்கைத் தரவுகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கம் ஒன்பது எண்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு வங்கியில் 2010இல் கணக்குத் திறந்தவர் பிற்பாடு கடனுக்கு விண்ணப்பிக்கும்போது புதிய இலக்கத்தைக் கொடுத்திருந்தால், கணக்கு அட்டவணையையும் கடன் அட்டவணையையும் இலக்கத்தை மட்டும் வைத்து இணைக்கும் வினவல் அவரை இரண்டு வெவ்வேறு ஆட்களாகக் கருதும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடையில் அவர் இருக்கமாட்டார், அவ்வளவுதான். பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பின் ஒரு 0ஐச் செருகி, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். சரங்களை வெட்டி ஒட்டும் கட்டளைகளைக் கொண்டு இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அதே இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கணிக்க முற்படுபவருக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அத்துடன், எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்று கொண்டே நாட்கள் எண்ணப்படுகின்றன. ஆகவே மார்ச் 1ஆம் திகதி எப்போதும் 61ஆவது நாள், பெண்ணுக்கு 561. ஆண்டின் முதல் நாளோடு 60 நாட்களைக் கூட்டும் வழமையான திகதிக் கணக்கு, நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் 2 என்று ஒரு நாள் தள்ளி விடை தரும். தரவு எப்படி உருவானது என்று அறியாமல் எழுதப்படும் வினவல், கட்டளை சரியாக இருந்தாலும் விடை பிழைத்துவிடும்.

இடப்பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். கொழும்பு 6 என்ற அஞ்சல் வலயத்தில் வெள்ளவத்தையுடன் பாமன்கடையும் அடங்கும். கொட்டாஞ்சேனை கொழும்பு 13இல் வருகிறது. நிர்வாகப் பிரிவுகளைப் பார்த்தால் வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவிலும் கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகப் பிரிவிலும் உள்ளன. வாடிக்கையாளரின் முகவரி அஞ்சல் வலயப்படியும் சனத்தொகை கிராம அலுவலர் பிரிவுப்படியும் கிடைக்கும்போது, இரண்டையும் நேரடியாக இணைக்க வழியில்லை. எந்தப் பிரிவு எந்த வலயத்தில் அடங்குகிறது என்று சொல்லும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை இடையில் வைத்தே இணைக்க வேண்டும்.

பெருகும் நிரைகள்

இணைப்பில் நிரைகள் விடுபடுவது ஒரு தவறென்றால், அவை பெருகிவிடுவது இன்னொன்று. இதைக் காணப் பேரிடர் நிவாரணத் தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சார்ந்த தொண்டர்கள் கொழும்பில் சில வாரங்களுக்குள் உருவாக்கிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருள், பல அட்டவணைகள் சேர்ந்த தரவுத்தளத்தின் தேவையை உலகுக்குக் காட்டியது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், உதவிக் கோரிக்கைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூக நலனுக்கான செயற்றிட்டமாக 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது.

அத்தகைய தரவுத்தளம் ஒன்றில் ஒரு முகாமுக்கு மூன்று குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றன என்றும், இரண்டு முறை அரிசி வந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் முறை 100 கிலோ, அடுத்த முறை 150 கிலோ. மொத்தம் 250 கிலோ. முகாம், குடும்பம், அரிசி என்ற மூன்று அட்டவணைகளையும் முகாம் இலக்கத்தால் இணைத்தால் மூன்று குடும்பங்களும் இரண்டு வரவுகளும் ஒன்றோடொன்று பெருகி ஆறு நிரைகள் உண்டாகும். அவற்றில் அரிசி நிரலைக் கூட்டினால் விடை 750 கிலோ. அங்கே ஒரு நிரை ஒரு முகாமையும் குறிக்கவில்லை, ஒரு வரவையும் குறிக்கவில்லை. குடும்பமும் வரவும் சேர்ந்த ஒரு சோடியைக் குறிக்கிறது. இதற்குத் தீர்வு, அரிசி அட்டவணையை முதலில் முகாம்வாரியாகக் கூட்டி, குடும்பங்களையும் முகாம்வாரியாக எண்ணி, ஒரு முகாமுக்கு ஒரு நிரை என்ற நிலைக்கு இரண்டையும் கொண்டுவந்த பின்னர் இணைப்பது. ஒரே பெறுமானம் மறுபடி வருவதை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மேலோட்டமாக மறைக்க முயன்றால், இருமுறையும் 100 கிலோ வந்த முகாமில் ஒரு வரவு காணாமற்போய்விடும்.

தொகுத்தலும் வெறுமையும்

குரூப் பை கட்டளையைப் புரிந்துகொள்ள, வினவல் எழுதப்படும் வரிசைக்கும் செயற்படும் வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். எழுதும்போது செலெக்ட் முதலில் வருகிறது. பொருள்கொள்ளும்போது முதலில் ஃப்ரொம், ஜொயின் ஆகியவை அட்டவணைகளைச் சேர்க்கின்றன. பின் வேர் நிரைகளை வடிகட்டுகிறது. குரூப் பை தொகுக்கிறது. ஹேவிங் தொகுதிகளை வடிகட்டுகிறது. அதன் பிறகே செலெக்ட் நிரல்களைக் கணிக்கிறது. இறுதியில் ஓர்டர் பை ஒழுங்குபடுத்துகிறது. செலெக்டில் இட்ட புதிய பெயர் வேர் பகுதியில் ஏன் செல்லுபடியாகாது என்பதும், கூட்டுத்தொகை மீதான நிபந்தனை ஏன் ஹேவிங்கில் வரவேண்டும் என்பதும் இவ்வரிசை தெரிந்தால் மனப்பாடம் செய்யாமலே விளங்கும்.

வெறுமையான பெறுமானத்தை நல் என்பார்கள். அது பூச்சியம் அன்று. 'தெரியாது' என்பதன் குறி. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடையும் தெரியாததாகவே இருக்கும். அதனால் எஸ்.கியூ.எல். உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று நிலைத் தர்க்கத்தில் இயங்குகிறது. விளைவுகள் நடைமுறையில் பெரியவை. சராசரி காணும் கட்டளை நல் நிரைகளைக் கணக்கில் எடுக்காது. நட்சத்திரக் குறியிட்ட கவுண்ட் எல்லா நிரைகளையும் எண்ணும். நிரலின் பெயர் இட்ட கவுண்ட் அந்நிரலில் பெறுமானம் உள்ளவற்றை மட்டும் எண்ணும். ஒரு பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் நொட் இன் கட்டளையின் பட்டியலுக்குள் ஒரேயொரு நல் இருந்தாலும் வினவல் ஒரு நிரையும் தராது. அவ்விடத்தில் நொட் எக்ஸிஸ்ட்ஸ் பாதுகாப்பானது.

லெஃப்ட் ஜொயினையும் நல் பாதிக்கிறது. ஓர் அங்காடியின் எல்லா வாடிக்கையாளர்களையும், அவர்கள் சென்ற மாதம் வாங்கியவற்றையும் காட்ட லெஃப்ட் ஜொயின் எழுதி, மாத நிபந்தனையை வேர் பகுதியில் வைத்தால், எதுவும் வாங்காதவர்களின் திகதி நல் ஆக இருப்பதால் அவர்கள் வடிகட்டப்பட்டுவிடுவார்கள். யாரைத் தேடி வினவல் எழுதப்பட்டதோ அவர்களே மறைந்துபோவார்கள். அந்நிபந்தனை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ஜொயினின் ஒன் பகுதிக்குள் இருக்க வேண்டும்.

அயல் நிரைகளோடு ஒப்பீடு

குரூப் பை நிரைகளைச் சுருக்கிவிடுகிறது. விண்டோ ஃபங்ஷன் எனப்படுபவை நிரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் தொகுதியைப் பற்றிய கணக்கை எழுதுகின்றன. ஓவர் என்ற சொல் அதற்கு அடையாளம். பார்ட்டிஷன் பை எந்தத் தொகுதிக்குள் என்பதையும், உள்ளே வரும் ஓர்டர் பை எந்த ஒழுங்கில் என்பதையும் சொல்லும். 2003இன் தரநிலையில் இவை முழுமையாக இடம்பெற்றன. தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் 2009இல் இவற்றை ஏற்றது, மைஎஸ்.கியூ.எல்.லும் எஸ்.கியூ.எல்.லைட்டும் 2018இல்தான் ஏற்றன. பழைய மைஎஸ்.கியூ.எல். நூல்களில் இவை காணப்படாததற்கு அதுவே காரணம். புதிதாகக் கற்பவர் பயிற்சிக்கான மென்பொருட் பதிப்பை அதன் ஆண்டைக் கவனித்துத் தெரிவுசெய்ய வேண்டும்.

ரோ நம்பர், ராங்க் ஆகியவை வரிசை எண் இடுபவை. சமநிலையில் உள்ள இரண்டு நிரைகளுக்கு ராங்க் ஒரே எண்ணைக் கொடுக்கும். ரோ நம்பர் ஏதோ ஒன்றை முன்வைத்து 1, 2 என்று பிரிக்கும். லாக் முந்தைய நிரையின் பெறுமானத்தைக் கொண்டுவரும். இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் ஆண்டுக் கணக்கில் இதன் பயனைக் காணலாம். 2018இல் 2,333,796 பேர் வந்தார்கள். கொட்டாஞ்சேனை வட்டாரத்தில் உள்ள கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்கள் தாக்கப்பட்ட 2019இல் அது 1,913,702 ஆயிற்று. பெருந்தொற்று ஆண்டான 2020இல் 507,704 ஆனது. ஆண்டு ஒழுங்கில் லாக் எழுதினால் ஒவ்வோர் ஆண்டின் அருகிலும் முந்தைய ஆண்டின் எண்ணிக்கை வந்து நிற்கும். கழித்து வகுத்தால் 2019இல் 18 சதவீதமும் 2020இல் 73.5 சதவீதமும் வீழ்ச்சி.

மாதக் கணக்கில் இதே கட்டளை ஏமாற்றக்கூடும். 2020 மார்ச்சில் 71,370 பேர் வந்தார்கள். பின்னர் எல்லைகள் மூடப்பட்டதால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எவரும் வரவில்லை. டிசம்பரில் 393 பேர் வந்தார்கள். வருகை நிகழ்ந்த மாதங்களுக்கு மட்டும் நிரை இருக்கும் அட்டவணையில், டிசம்பருக்கு முந்தைய நிரை மார்ச் ஆகும். லாக் முந்தைய நிரையைத்தான் எடுக்கும். முந்தைய மாதம் எது என்று அதற்குத் தெரியாது. எல்லா மாதங்களையும் கொண்ட நாட்காட்டி அட்டவணை ஒன்றை இடப்பக்கத்தில் வைத்து, வருகை அட்டவணையை லெஃப்ட் ஜொயினில் சேர்த்து, வெறுமைகளுக்குப் பூச்சியம் இட்ட பிறகே லாக் பொருள் தரும். நல்லுக்குப் பதில் பூச்சியம் இடுவது இங்கே சரியாகிறது, ஏனென்றால் ஒருவரும் வரவில்லை என்பது தெரிந்த செய்தி.

நீண்ட கேள்வி, சிறு படிகள்

இதுவரை சொன்ன எல்லாம் ஒன்றுசேரும் இடத்துக்கு ஓர் உள்ளூர் ஆய்வு வழிகாட்டுகிறது. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், ஆட்களை இனங்காண முடியாதவாறு மாற்றப்பட்ட கைத்தொலைபேசி அழைப்புப் பதிவுகளைக் கொண்டு மேல் மாகாணத்தின் மக்கள் நகர்வை ஆராய்ந்தது. பகலில் கொழும்பு நகரில் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சுற்றுப்புறங்களிலிருந்து வருபவர்கள் என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. இரவில் ஒருவரின் தொலைபேசி வழக்கமாகத் தொடர்புகொள்ளும் கோபுரம் அவரது வீட்டுப் பகுதி என்றும், வேலைநாட்களின் பகற்பொழுதில் தொடர்புகொள்ளும் கோபுரம் வேலைப் பகுதி என்றும் கொள்வது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை.

இதை எஸ்.கியூ.எல்.லில் எழுத வித் கட்டளை உதவும். அது இடைக்கால விடை ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அடுத்த படியில் அதை அட்டவணைபோலப் பயன்படுத்த வழிசெய்கிறது. தொடக்கத்தில் ஒரு நிரை ஓர் அழைப்பு: ஆளின் மறைகுறி, கோபுரத்தின் குறி, நேரம். முதற்படியில் இரவு நேர அழைப்புகளை வடிகட்டி, ஆளும் கோபுரமும் சேர்த்துத் தொகுத்து, எத்தனை வெவ்வேறு நாட்களில் அழைப்பு இருந்தது என்று எண்ணப்படுகிறது. இப்போது ஒரு நிரை ஆள், கோபுரம் என்ற சோடி. இரண்டாம் படியில் ஆள்வாரியாகப் பிரித்து, நாட்களின் இறங்குவரிசையில் ரோ நம்பர் இட்டு, 1 என்ற எண் பெற்றதை மட்டும் எடுத்தால் ஒரு நிரை ஓர் ஆளும் அவரது வீட்டுக் கோபுரமும். பகற்பொழுதுக்கும் இதையே செய்தால் வேலைக் கோபுரம் கிடைக்கும். மூன்றாம் படியில் இரண்டையும் மறைகுறியால் இணைத்து, கோபுர அட்டவணையிலிருந்து பகுதிப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். இறுதியில் வீட்டுப் பகுதி, வேலைப் பகுதி ஆகியவற்றால் தொகுத்தால், கொட்டாஞ்சேனையில் வசித்துக் கோட்டையில் வேலைசெய்பவர்கள் எத்தனை பேர், நீர்கொழும்பிலிருந்து வெள்ளவத்தைக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்ற வகை விடைகள் நிரைக்கு ஒன்றாக வரும்.

கோடிக்கணக்கான அழைப்புகள் சில நூறு நிரைகளாகச் சுருங்கும் இந்தப் பயணத்தில், ஒவ்வொரு படியையும் தனியாக ஓட்டிப் பார்க்க முடிவதே வித் கட்டளையின் பெரும்பயன். இரண்டாம் படியில் ஓர் ஆள் இருமுறை வந்தால் அங்கேயே பிழை பிடிபடும். ரோ நம்பருக்குப் பதில் ராங்க் இட்டிருந்தால், இரண்டு கோபுரங்கள் சமநாட்கள் பெற்ற ஆட்கள் இருமுறை வருவார்கள்.

வினவல் சரியாக இருந்தும் விதி தவறாகக்கூடும் என்பதையும் பகுப்பாய்வாளர் மனதில் கொள்ள வேண்டும். கொழும்புத் துறைமுகம் இரவும் பகலும் இயங்குகிறது. அங்கே இரவு முறையில் வேலைசெய்பவரின் தொலைபேசி, மேற்சொன்ன விதிப்படி, துறைமுகத்தையே அவரது வீடாகக் காட்டும். வெள்ளவத்தையின் தென்முனையில் இருப்பவரின் அழைப்பு தெஹிவளைக் கோபுரத்துக்குச் சென்றால், அவர் மாநகர எல்லைக்கு வெளியே எண்ணப்படுவார். இத்தகைய வரம்புகளை விடையோடு சேர்த்து எழுதுவது பகுப்பாய்வின் ஒரு பகுதி.

வேகமும் பொறுப்பும்

பெரிய அட்டவணைகளில் வேகமும் முக்கியம். சுட்டி எனப்படும் இண்டெக்ஸ் இருக்கும் நிரலை நேரடியாக ஒப்பிட்டால் தரவுத்தளம் தேவையான நிரைகளை விரைவாக அடையும். திகதி நிரலிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து அதை 2020 என்று ஒப்பிடும் வினவல், பெரும்பாலும் அந்தச் சுட்டியைப் பயன்படுத்த முடியாமல் எல்லா நிரைகளையும் வாசிக்க வைக்கும். திகதி 2020 ஜனவரி 1க்குச் சமமாகவோ பின்னாகவோ, அத்துடன் 2021 ஜனவரி 1க்கு முன்னாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினால் சுட்டி பயன்படும். எக்ஸ்பிளெய்ன் கட்டளை, தரவுத்தளம் எந்த வழியில் விடை தேடப்போகிறது என்று காட்டும்.

ஆட்களைப் பற்றிய தரவைத் தொடுபவருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே தனிப்பட்ட தரவைக் கையாள வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. பகுப்பாய்வுக்குப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தேவையில்லை என்றால் அவற்றைச் செலெக்டில் எழுதாமல் விடுவதே முறை.

கற்கும் ஒழுங்கு

இணைத்தல், தொகுத்தல், நல், வினவலுக்குள் எழுதப்படும் துணை வினவலும் வித் கட்டளையும், விண்டோ ஃபங்ஷன், திகதி மற்றும் சரக் கட்டளைகள், வேகம் என்ற ஒழுங்கில் கற்பது நல்லது. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்.கியூ.எல்., எஸ்.கியூ.எல்.லைட் மூன்றும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் சனத்தொகை அட்டவணைகளும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் மாத வருகைக் கணக்குகளும் பொதுவில் கிடைக்கின்றன. ஒழுங்காக வெட்டித்தைத்த பாடநூல் தரவைவிட இவை சிறந்த பயிற்சிக்களம், ஏனென்றால் பெயர்கள் மாறுபடும், மாதங்கள் விடுபடும், பிரிவு எல்லைகள் காலத்தோடு மாறும். வேலையிடத்தில் கிடைக்கும் தரவும் அப்படித்தான் இருக்கும்.

பயிற்சியின்போது மூன்று சோதனைகளை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இணைப்புக்கு முன்னும் பின்னும் நிரைகளை எண்ணுதல். சாவி என்று நம்பும் நிரலில் ஒரே பெறுமானம் இருமுறை வருகிறதா என்று குரூப் பை, ஹேவிங் கொண்டு பார்த்தல். இறுதி மொத்தத்தை வெளியிடப்பட்ட ஏதேனும் ஓர் எண்ணோடு ஒப்பிடுதல். 2020இன் மாத வருகைகளைக் கூட்டினால் 507,704 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு நிரை பெருகியிருக்கிறது அல்லது தொலைந்திருக்கிறது.

நேர்முகத் தேர்வில் வினவல் எழுதச் சொல்லும்போதும் இந்தப் பழக்கமே கைகொடுக்கும். கேள்வியை வாங்கியவுடன் கட்டளைகளைத் தேடாமல், விடை அட்டவணையில் ஒரு நிரை எதைக் குறிக்க வேண்டும் என்று முதலில் சொல்லி, மூல அட்டவணைகளில் ஒரு நிரை எதைக் குறிக்கிறது என்று கேட்டறிந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட படிகளைப் பெயரிட்டு எழுதக்கூடியவர் இடைநிலையை அடைந்துவிட்டார் என்று கொள்ளலாம்.